போன் நம்பர் கேட்டா உடனே கொடுத்துடணுமா?

"மறைக்கிற அளவுக்கு உங்கிட்ட என்னம்மா இருக்கு?" அண்ணன் பேச்சுவாக்குல கேட்டதுதான் இது. என் போன்ல ரெண்டாவது நம்பருக்குன்னு தனியா ஒரு ஆப் இருக்கிறதைப் பார்த்துட்டு, ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு நம்பர்னு ஆரம்பிச்சு கடைசில இதுல வந்து நின்னான். நானும் "வேலைக்கும் வீட்டுக்கும் தனித்தனியா இருந்தா வசதிண்ணா"ன்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிட்டேன். வசதின்னு சொன்னது பொய் கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தர் தன் சொந்த நம்பரைக் கொடுக்காம வேற நம்பர் கொடுத்தா அவர் ஏதோ தப்பு பண்றார், எதையோ ஒளிக்கிறார்ங்கிற எண்ணம் அதுக்குள்ள இருக்கு. அண்ணன் மட்டுமில்ல, நல்லா விவரம் தெரிஞ்ச நிறைய பேர் இதையே சொல்லிக் கேட்டிருக்கேன். எனக்கு இது சரியாப் படல, ஏன் சரியாப் படலைன்னு எழுதித்தான் பார்ப்போமேன்னு உக்காந்துட்டேன்.

நான் ரெண்டாவது நம்பர் வாங்கக் காரணம் ஒரு பழைய மேஜை. வீடு மாறும்போது இது வேண்டாம்னு ஆன்லைன்ல விளம்பரம் போட்டேன், ஒருத்தர் கூப்பிட்டார், வந்து பார்த்தார், பேசின பணத்தைக் கொடுத்தார், எடுத்துட்டுப் போனார். மரியாதையான ஆள்தான். கொஞ்ச நாள் கழிச்சு ராத்திரி படுக்கப் போற நேரத்துக்கு வாட்ஸ்அப்ல "மேஜை ரொம்ப நல்லா இருக்கு மேடம்"னு ஒரு மெசேஜ். சந்தோஷம்னு போட்டேன். அடுத்து "டிபி மாத்திட்டீங்க போல, இது இன்னும் நல்லா இருக்கு". அதுக்கு பதில் போடல. மறுநாள் "சாப்டீங்களா?", அதுக்கடுத்து வெறும் ஒரு "ஹாய்". இதுல கெட்ட வார்த்தை ஒண்ணுகூட கிடையாது, யார்கிட்டயாவது காட்டினா "இதுல என்ன இருக்கு, கண்டுக்காம விடு"ன்னுதான் சொல்வாங்க. பிளாக் பண்ணேன். வேற ஒரு நம்பர்லேர்ந்து "ஏன் பிளாக் பண்ணீங்க, நான் என்ன தப்பா கேட்டேன்"னு வந்துச்சு. அதைப் படிச்சப்ப வயித்தைக் கலக்குச்சு. மேஜை வித்த விஷயம் அன்னிக்கே முடிஞ்சு போச்சு, நம்பர் மட்டும் அவர்கிட்டயே தங்கிப் போச்சு, அதைத் திருப்பிக் கேட்டு வாங்கவும் முடியாது.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சுப் பார்த்தேன், என் நம்பர் இன்னும் யார் யார்கிட்ட இருக்குன்னு. பார்சல் கொண்டு வந்தவங்க, குழாய் சரி பண்ண வந்தவர், ஒரே ஒரு தடவை பொருள் வாங்கின கடைகள், இன்டர்வியூவுக்குப் போய் வேலை கிடைக்காத ஆபீஸ்கள், எப்பவோ நிரப்பின ஏதேதோ படிவங்கள். இவங்க எல்லார்கிட்டயும் இருக்கிறது வெறும் பத்துப் பன்னெண்டு இலக்கம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அதை வெச்சு என்னென்ன எடுக்கலாம்னு என் நம்பரையே தேடிப் பார்த்தேன். வாட்ஸ்அப்ல போட்டா போட்டோ வருது, பணம் அனுப்புற ஆப்ல போட்டா என் முழுப்பேர் அப்படியே வருது, சோஷியல் மீடியால 'இவரை உங்களுக்குத் தெரியுமா'ன்னு என் பக்கத்தையே காட்டுது. யார் கூப்பிடுறாங்கன்னு பேர் காட்டுற ஆப் ஒண்ணுல, நான் அந்த ஆப்பையே எப்பவும் போட்டதில்ல, என் பேருக்குப் பக்கத்துல பழைய ஆபீஸ் பேரும் சேர்ந்து வருது, யாரோ ஒருத்தர் என்னை அப்படித்தான் சேவ் பண்ணி வெச்சிருந்திருக்கார். என் நம்பரை நான் கொடுக்காத இடத்துக்கெல்லாம் என்னைத் தெரிஞ்சவங்களே அவங்க காண்டாக்ட் லிஸ்ட்டோட சேர்த்துக் கொடுத்துட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், 'அனுமதி' பட்டனை அழுத்தினா ஊரான் நம்பரும் சேர்ந்து போகுதுன்னு யாரும் அவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றதில்ல.

நம்பர் எப்ப ஆளோட அடையாளமா மாறுச்சு?

லேண்ட்லைன் காலத்துல நம்பர் ஒரு இடத்தோடது. அந்த வீட்டுக்கு அடிச்சா யார் எடுப்பாங்கன்னு தெரியாது, வீடு மாறினா நம்பரும் போயிடும். உலகத்துல எந்த நம்பரா இருந்தாலும் நாட்டுக் குறியீட்டோட சேர்த்து 15 இலக்கத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு சர்வதேச விதி இருக்கு, அந்த ஏற்பாடெல்லாம் அழைப்பு சரியான இடத்துக்குப் போய்ச் சேரணுங்கிறதுக்காக வந்தது. 'இந்த ஆள் இவர்தான்'னு நிரூபிக்கிற வேலையை யாரும் அதுக்குக் கொடுக்கல. மொபைல் வந்து நம்பர் ஆளோட பாக்கெட்டுக்கு வந்துச்சு, கம்பெனி மாறினாலும் அதே நம்பரை வெச்சுக்கலாம்னு ஆச்சு, 2009ல வந்த வாட்ஸ்அப் மாதிரி ஆப்கள் தனியா யூசர்நேம் எதுவும் வேண்டாம், உன் நம்பரே போதும்னு சொல்லுச்சு. அப்புறம் ஓடிபி. இப்ப நம்பர் யார் கையில இருக்கோ அவங்கதான் நீங்கன்னு பாதி இணையம் நம்புது.

இது எவ்வளவு பலவீனமான நம்பிக்கைன்னு ட்விட்டரோட தலைமைப் பதவியில இருந்த ஜாக் டார்சிக்கே நடந்து காட்டுச்சு. 2019 ஆகஸ்ட் கடைசில அவரோட நம்பரை வேற யாரோ தங்கள் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க, எஸ்எம்எஸ் அனுப்பினா ட்வீட்டாப் போற வசதி ஒண்ணு அப்ப இருந்துச்சு, அது வழியா அவர் பேர்லயே அசிங்க அசிங்கமா பதிவு போட்டாங்க. பாஸ்வேர்டு தேவையே படல. அதே கம்பெனிக்கு 2022 மே மாசம் அமெரிக்காவுல வாடிக்கையாளர் நலனைப் பார்த்துக்கிற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் விவகாரத்துல 15 கோடி டாலர் அபராதம், ஏன்னா 'உங்க கணக்கோட பாதுகாப்புக்கு'ன்னு சொல்லி வாங்கின நம்பரை விளம்பரத்துக்கும் பயன்படுத்தியிருக்காங்க. இது எனக்கு ரொம்பக் கோபம் வந்த விஷயம். பாதுகாப்புக்காகத்தானே கேட்கிறாங்கன்னு நம்பிக் கொடுக்கிறவங்கதான் இதுல ஏமாந்தது. அதுக்கு முந்தின வருஷம், 2021 ஏப்ரல்ல, ஃபேஸ்புக் பயன்படுத்துற 53 கோடிக்கும் மேல ஆட்களோட விவரம், 106 நாட்டுக்காரங்களோடது, போன் நம்பரோட இணையத்துல இலவசமா கிடந்துச்சு. காண்டாக்ட்ல இருக்கிறவங்களைக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கே, அது வழியா நம்பரா போட்டுப் போட்டு யார் யாரோடதுன்னு உறிஞ்சி எடுத்த டேட்டா அது. அந்த ஓட்டையை 2019லயே அடைச்சுட்டோம்னு கம்பெனி சொல்லுச்சு. ஓட்டையை அடைக்கலாம், வெளிய போன நம்பரை எப்படி அடைக்கிறது? பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். இருபது வருஷமா வெச்சிருக்கிற நம்பரை யார் மாத்துவாங்க?

அதனாலதான் விர்ச்சுவல் நம்பர் வாங்கினேன். இதுக்கு சிம் கிடையாது. நம்பர் ஒரு கம்பெனியோட சர்வர்ல இருக்கும், யாராவது அந்த நம்பருக்கு அடிச்சா அழைப்பு அந்த சர்வருக்குப் போய் அங்கேர்ந்து இன்டர்நெட் வழியா நம்ம போன்ல இருக்கிற ஆப்புக்கு வரும், நாம திருப்பி அடிச்சாலும் அவங்களுக்கு அந்த நம்பர்தான் தெரியும். வந்த அன்னிக்கே எனக்குக் கிடைச்ச நிம்மதியைச் சொல்லியே ஆகணும். விளம்பரத்துக்கு ஒரு நம்பர், வேலை தேடுற தளங்களுக்கு அதே நம்பர், டெலிவரிக்கும் அதே. சாயங்காலம் ஒரு நேரத்துக்கு மேல அதுல வர்ற அழைப்பு ஒலிக்கவே ஒலிக்காது, பேசிட்டு வைக்கணும்னா குரல் பதிவுக்குப் போயிடும், காலைல எழுத்தா மாறி மெயில்ல வந்து உக்காந்திருக்கும். சொந்த நம்பர் ஒலிச்சா அது வீடு, இல்லைன்னா கூட்டாளிங்கன்னு தெரியும், பயமில்லாம எடுக்கலாம். பல வருஷம் கழிச்சு போன் ஒலிச்சா சந்தோஷமா எடுத்துப் பேசினேன். சின்ன விஷயம்னு தோணலாம், எனக்கு அப்படி இல்ல.

எனக்கு வந்த இன்னொருத்தரோட ஓடிபி

இந்த நிம்மதியோடயே நான் நின்னிருப்பேன், அந்த நம்பர்ல மெசேஜ் வர ஆரம்பிக்காம இருந்திருந்தா. முதல்ல வந்தது ஒரு கிளினிக்லேர்ந்து, இன்னாருக்கு இந்தத் தேதில அப்பாயின்ட்மென்ட்னு பேர் போட்டு நினைவூட்டல். ராங் நம்பர்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு கடையோட பாயின்ட்ஸ் கணக்கு, ஒரு பார்சல் வந்துக்கிட்டிருக்குன்னு தகவல், எல்லாத்துலயும் அதே பேர். அப்பதான் உறைச்சுச்சு, எனக்குன்னு கொடுத்த இந்த நம்பர் புதுசு கிடையாது, இதுக்கு முன்னாடி ஒரு ஆள் இதுல வாழ்ந்திருக்கார்.

அப்புறம் ஒரு மத்தியானம் ஓடிபி ஒண்ணு வந்துச்சு, ஒரு ஆன்லைன் சேவையோடது. ஒரு நிமிஷம்கூட ஆகல, இன்னொண்ணு. அதே சேவை, வேற ஆறு இலக்கம், 'இதை யாரிடமும் பகிர வேண்டாம்'னு கீழ வழக்கமான வரி. இன்னும் கொஞ்ச நேரத்துல மறுபடியும். என்ன நடக்குதுன்னு அப்பதான் புரிஞ்சுச்சு. எங்கயோ அந்த ஆள் தன் கணக்குக்குள்ள போக முடியாம 'மறுபடி அனுப்பு'ங்கிற பட்டனை அழுத்திக்கிட்டிருக்கார், அவர் அழுத்துற ஒவ்வொரு தடவையும் என் கையில இருக்கிற போன் அதிருது. அடுத்து அழைப்பே வந்துச்சு. எடுத்தேன். 'மெசேஜ் வரலைன்னா கால் மூலமா பெறுங்கள்'னு ஒரு வழி இருக்குமே, அதைப் போட்டிருக்கார். மெஷின் குரல் ஒண்ணொண்ணா இலக்கத்தைச் சொல்லுச்சு, ரெண்டாவது தடவையும் நிறுத்தி நிதானமாச் சொல்லுச்சு, வெச்சிடுச்சு. அந்த ஆறு எண்ணும் என் காதுல இருக்கு, அது யாருக்குத் தேவையோ அவர் எங்க இருக்கார்னு தெரியாது, தெரிஞ்சாலும் எப்படிச் சொல்றது, அவரைக் கூப்பிட என்கிட்ட இருக்கிற ஒரே நம்பர் என்னோடதுதான்.

என்னால அந்த மத்தியானம் வேற வேலை பார்க்க முடியல. கிளினிக்குக்கு அடிச்சு இந்த நம்பர் இப்ப அவர்கிட்ட இல்லைன்னு சொன்னேன், அங்க இருந்த பொண்ணு நன்றி சொல்லி உடனே எடுத்துட்டாங்க. ஓடிபி அனுப்பின சேவைக்கு எழுதினேன். கணக்கு வெச்சிருக்கிறவர்தான் உள்ள போய் நம்பரை மாத்தணும், வேற யாரும் மாத்த முடியாதுன்னு பதில் வந்துச்சு. உள்ள போகணும்னா ஓடிபி வேணும், ஓடிபி இந்த நம்பருக்குத்தான் வரும். இந்த வட்டத்தை அவங்களுக்கு எழுதிக் காட்டினேன், மறுபடியும் அதே பதில் வந்துச்சு.

அது ஏதோ ஒரு தடவை நடந்த விபரீதம்னு நினைச்சு மனசைத் தேத்திக்கலாம்னு பார்த்தா அப்படியும் இல்ல. 2021ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு அமெரிக்க மொபைல் கம்பெனிகள் புது ஆட்களுக்குக் கொடுக்கத் தயாரா வெச்சிருந்த நம்பர்கள்ல 259ஐ எடுத்துச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. அதுல 171 நம்பர், பிரபலமான வெப்சைட்கள்ல ஏற்கனவே யாரோ ஒருத்தரோட கணக்கோட இணைஞ்சு கிடந்துச்சு. அங்க ஒருத்தர் விட்ட நம்பரை அடுத்தவருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி குறைஞ்சது 45 நாள் சும்மா வெச்சிருக்கணும்னு விதி. 45 நாள்ல ஒருத்தர் தன் பழைய நம்பரை எத்தனை இடத்துலேர்ந்து எடுத்துட முடியும்? எங்கெங்க கொடுத்தோம்னே ஞாபகம் இருக்காதே. அதுவும் அவங்க பார்த்தது சாதாரண மொபைல் நம்பரை. விர்ச்சுவல் நம்பர் இதைவிட வேகமா கை மாறும், சந்தா கட்ட மறந்தாப் போச்சு, இலவச நம்பரா இருந்தா கொஞ்ச நாள் பயன்படுத்தாம விட்டாலே நிறைய சேவைகள் திரும்ப எடுத்துக்கும். நான் நிம்மதி நிம்மதின்னு கொண்டாடின நம்பர் நாளைக்கு என்னை விட்டுப் போனா, என் கிளினிக், என் பார்சல், என் ஓடிபி எல்லாம் இன்னொருத்தர் கையில அதிரும். அவர் என்னை மாதிரி கிளினிக்குக்கு போன் பண்ணிச் சொல்ற ஆளா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

எதை அதுல வைக்கலாம், எதை வைக்கவே கூடாது

அதுக்கப்புறம் ரெண்டாவது நம்பரை நான் விடல, பயன்படுத்துற விதத்தை மாத்தினேன். முடிஞ்சு போற காரியத்துக்கு மட்டும்தான் அது. விளம்பரம், டெலிவரி, ஒரு தடவை வந்து போற வேலைக்காரங்க, விலை விசாரிக்கிறது, ஏதாவது டவுன்லோட் பண்ணணும்னா நம்பர் கேட்கிற படிவம். இதெல்லாம் நாளைக்கு இன்னொருத்தர் கைக்குப் போனாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது. பேங்க், மெயில், மருத்துவம், அரசாங்க வேலை எதுவும் அதுல கிடையாது. நிறைய பேங்க் எடுத்த எடுப்புலயே விர்ச்சுவல் நம்பரை ஏத்துக்காது, இது மொபைலா, லேண்ட்லைனா, இன்டர்நெட் நம்பரான்னு தேடிப் பார்க்கிற வசதி அவங்ககிட்ட இருக்கு. எனக்கு முதல்ல இதுல எரிச்சல்தான் வந்துச்சு, அப்புறம்தான் அதுல நியாயம் இருக்கிறது புரிஞ்சுது. என்ஐஎஸ்டிங்கிற அமெரிக்க தர நிர்ணய நிறுவனம் 2017ல வெளியிட்ட வழிகாட்டியிலயே, உங்க கையில ஒரு குறிப்பிட்ட கருவி இருக்குன்னு நிரூபிக்காத வழிகளை, அதாவது மெயில், இன்டர்நெட் நம்பர் மாதிரி வழிகளை, இப்படிச் சரிபார்க்கப் பயன்படுத்தவே கூடாதுன்னு சொல்லியாச்சு. சாதாரண எஸ்எம்எஸ்ஸையும் அதே வழிகாட்டி கட்டுப்பாட்டோட பயன்படுத்த வேண்டிய வகையிலதான் வெச்சிருக்கு.

அதனால முக்கியமான கணக்குகளை ரெண்டு நம்பர்லேர்ந்தும் விலக்கிட்டேன், விலக்க முடிஞ்ச இடத்துல. முப்பது விநாடிக்கு ஒரு தடவை மாறுற ஆறு இலக்கம் காட்டுற ஆதென்டிகேட்டர் ஆப் இருக்கே, 2011லேர்ந்து அதுக்குப் பொதுவான தரம் இருக்கு, எந்தக் கம்பெனி ஆப்பா இருந்தாலும் அந்த இலக்கத்தை உருவாக்குற முறை ஒண்ணுதான். அந்த இலக்கம் வர போன் நம்பரே தேவையில்ல, போன்லயே உருவாகும், நெட்வொர்க்கே இல்லாட்டியும் வேலை செய்யும். கூடவே கொடுக்கிற மீட்புக் குறியீடுகளைத் தாள்ல எழுதி வீட்டுல பத்திரமா வெச்சிருக்கேன். இதைப் பண்ணி முடிக்க ஒரு முழு ஞாயித்துக்கிழமை போச்சு, போனாப் போகட்டும்.

இன்னொண்ணும் தெளிவாச் சொல்லிடறேன், ரெண்டாவது நம்பர் வாங்கிட்டா நாம கண்ணுக்குத் தெரியாம போயிடுவோம்னு யாரும் நினைக்க வேண்டாம். நம்பர் கொடுத்த கம்பெனிக்கு நாம யாருன்னு தெரியும், யாருக்கு எப்ப பேசினோம்னு தெரியும், எஸ்எம்எஸ் அவங்க சர்வர் வழியா பூட்டு எதுவும் இல்லாமத்தான் போகுது. 2022 ஆகஸ்ட்ல ட்விலியோங்கிற பெரிய மெசேஜிங் கம்பெனி ஊழியர்களை ஏமாத்தி உள்ள புகுந்தப்ப, அந்தக் கம்பெனி வழியா சரிபார்ப்பு மெசேஜ் அனுப்பிக்கிட்டிருந்த சிக்னல்ங்கிற மெசேஜ் ஆப்போட பயனர்கள் சுமார் 1,900 பேரோட நம்பர் வெளிய தெரிஞ்சிருக்கலாம்னு சிக்னலே சொல்ல வேண்டியதாச்சு. அவசர உதவிக்கு அழைக்கிறதுக்கும் விர்ச்சுவல் நம்பரை நம்பக்கூடாது, நீங்க எங்க இருக்கீங்கன்னு அது சரியாச் சொல்லாது, அதுக்கு எப்பவும் சிம் நம்பர்தான். இந்த ரெண்டாவது நம்பர் என்னைக் காப்பாத்துறது மேஜை வாங்க வந்தவர்கிட்டேர்ந்து, அந்த மாதிரி இன்னும் நூறு பேர்கிட்டேர்ந்து. ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதுல ஒளிக்கிறதுக்கு எதுவும் இல்ல. ஒரு வேலையா வந்தவங்களுக்கு அந்த வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கொடுக்கிறேன், வேலை முடிஞ்சா அதோட முடியணும்னு எதிர்பார்க்கிறேன்.

இப்ப ஒரு நோட்டுல அந்த நம்பரை எங்கெங்க கொடுத்தேன்னு எழுதி வெச்சிருக்கேன், என்னிக்காவது விடணும்னா ஒவ்வொண்ணா எடுத்துட்டு அப்புறம்தான் விடுவேன், எனக்கு அடுத்து வர்றவருக்கு என் பார்சல் தகவல் போய் நிக்கக்கூடாது. ஆனா இதையெல்லாம் பயன்படுத்துறவங்க தலையில மட்டும் கட்டுறது நியாயமே கிடையாது. நம்பரைக் காட்டாம யூசர்நேம் கொடுத்துப் பேசலாம்னு சிக்னல் 2024 பிப்ரவரில கொண்டு வந்துச்சு, பதிவு பண்ண நம்பர் இன்னும் வேணும், எதிர்ல இருக்கிறவருக்கு அது தெரிய வேண்டியதில்ல.  அதே மாதிரி ஒவ்வொரு ஓடிபிக்குக் கீழயும் 'யாரிடமும் பகிர வேண்டாம்'ங்கிற வரிக்குப் பக்கத்துல இன்னொரு வழியும் கொடுக்கணும், 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல, இந்த நம்பரை எடுத்துவிடுங்கள்'னு. சில மெயில் சேவைகள்ல இது இப்பவே இருக்கு, நம்பர் கேட்கிறவங்க எல்லாரும் செய்யணும். அது இருந்திருந்தா அன்னிக்கு மத்தியானமே நான் அழுத்தியிருப்பேன், அந்தச் சேவையும் அவரோட மெயிலுக்கு எழுதி விஷயத்தைச் சொல்லியிருக்கும்.